கடலோரப் பயணம்: எத்தனை முறை மூட்டை கட்டப் போகிறீர்கள்?

போன கோடையில், பயணத்தின் மூன்றாவது நாள் காலை. 8 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. எட்டரைக்கு அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். 9 மணிக்கு என் மூன்று வயது மகனின் ஒரு ஷூவைக் காணோம். ஒன்பதரைக்குத் தம்பியின் ஒன்பது மாதக் குழந்தை, கட்டி முடித்த பையை மறுபடி அவிழ்க்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்து வைத்தது. 10 மணிக்கு அத்தைக்குத் தன் மூக்குக்கண்ணாடி தலையணைக்கு அடியில் இருப்பது ஞாபகம் வந்து மறுபடி மாடியேறினார். வண்டி நகர்ந்தபோது மணி 10.20. அன்றைக்குப் போக வேண்டிய தூரம் வெறும் 65 கிலோமீட்டர்.

நாங்கள் 11 பேர். அப்பா, அம்மா, அத்தை, நானும் என் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து நான்கு பிள்ளைகள். ஏழு இரவில் ஐந்து ஊர் பார்க்கத் திட்டம் போட்டிருந்தோம். வரைபடத்தில் அது அழகாகத்தான் இருந்தது.

இந்த வருடம் எங்களைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. கடலோரமாக ஊர் ஊராக நகர்ந்துகொண்டே போவதா, ஒரே வீட்டில் தங்கிவிடுவதா, இரண்டையும் கலப்பதா? கேட்பவர்கள் எல்லோரும் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை முறை மூட்டை கட்டப் போகிறீர்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

மூட்டை கட்டும் எண்ணிக்கை. சிறுபிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள கூட்டம் ஓரிடத்தைக் காலி செய்து வண்டியேற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். தூரம் 20 கிலோமீட்டரானாலும் 200 கிலோமீட்டரானாலும் இந்த இரண்டு மணி நேரம் குறையாது. ஏழு இரவில் ஐந்து ஊர் என்றால், வீட்டிலிருந்து கிளம்புவதையும் சேர்த்து ஆறு முறை. அதாவது 12 மணி நேரம். விடுமுறையில் ஒரு முழுப் பகல் பைகளுக்குப் போய்விடுகிறது.

நடுப்பகலுக்கு ஒரு கூரை. கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிவரை புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும். புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடைக் கடற்கரையில் நடுப்பகலில் அது 3-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். உலர்ந்த மணல் ஏறக்குறைய 15 சதவீதக் கதிரையும் அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிப்பதால், குடைக்கு அடியில் உட்கார்ந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. ஆகவே எந்தத் திட்டமானாலும், அந்த ஆறு மணி நேரத்தில் உங்கள் கையில் ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள்.

தூக்கம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை, பகல் தூக்கத்தையும் சேர்த்து. இடம் மாறினால் முதல் இரவு பெரும்பாலான பிள்ளைகள் சரியாகத் தூங்குவதில்லை. ஐந்து ஊர் என்றால் ஐந்து முதல் இரவுகள். அறைக்குள் ஒரு பிள்ளை அழுதால் சுவருக்கு அப்பால் தாத்தாவும் விழித்துக்கொள்வார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்வாங்க வழி. 11 பேரில் ஒருவருக்காவது ஏழு நாளில் ஏதாவது வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகுவலி, இல்லையென்றால் வெறும் சலிப்பு. அவர் ஒருவர் மட்டும் ஒதுங்கிப் படுக்க முடியுமா, அல்லது மொத்தக் கூட்டமும் நிற்க வேண்டுமா?

வேலை யார் தலையில். ஈரத்துணி, மணல் நிறைந்த பைகள், அடுத்த வேளைச் சாப்பாடு. இதைப் பற்றித் திட்டம் போடும்போது யாரும் பேசுவதில்லை. பயணத்தில் இரண்டாம் நாள் மாலையில்தான் இந்தப் பேச்சு வருகிறது, அதுவும் நல்ல தொனியில் வருவதில்லை.

பணத்தைக் கடைசியில் வைக்கிறேன். அது முக்கியமில்லை என்பதற்காக இல்லை. அறை வாடகையை எல்லோரும் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் வராமல் போவது மேலே சொன்ன ஐந்தும்தான்.

## வழி 1: நகர்ந்துகொண்டே போவது

இதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. ஒவ்வொரு நாளும் வேறொரு கடல். பாறைக் கரை, மணல் கரை, கழிமுகம், கலங்கரை விளக்கம். சாலையே பயணமாகிவிடும். ஓரிடத்தில் மழையோ கொந்தளிப்போ என்றால் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடலாம். எங்கள் பயணத்தில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது இந்த நகர்தல்தான், அவர் ஒரு பையைக்கூடத் தூக்கவில்லை என்பதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதன் மறைமுகச் செலவில் பெரியது, தங்குமிடங்களின் நேர விதி. பெரும்பாலான இடங்களில் காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் 2, 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் நான்கு மணி நேரம் உங்களுக்கு வீடு கிடையாது. அந்த நான்கு மணி நேரமும் வெயில் உச்சியில் இருக்கும் நேரம், குழந்தை தூங்கும் நேரம், வயதானவர்களுக்குக் கழிப்பறை தேவைப்படும் நேரம். 65 கிலோமீட்டர் ஓட்ட ஒன்றரை மணி நேரம் போதும். மீதி நேரம் எங்கே இருப்பது? நாங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மின்விசிறியை ஒவ்வொன்றாக நிறுத்தினார்.

அந்த நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டது என்று வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெப்பம் ஏறுவதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. சிறுபிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். கூட்டமாகப் போகும்போது ஆபத்து கூடுகிறது, ஏனென்றால் "அத்தை வண்டியில்தான் இருக்கிறார்" என்று ஒருவர் நினைப்பார், அத்தையோ கழிப்பறைக்குப் போயிருப்பார்.

அடுத்தது, உட்கார்ந்தே இருப்பது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் பயணம் செய்தால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. விமானத்துக்கு மட்டும் பொருந்துவது என்று பலர் நினைக்கிறார்கள். காருக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் அதேதான். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு இந்த வாய்ப்பு அடிப்படையில் மிகச் சிறியது. ஆனால் எழுபதைத் தாண்டியவர், முன்பு ஒருமுறை இரத்தம் உறைந்தவர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர் உங்களோடு வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள். கைக்குழந்தையையும் அதே இடைவெளியில் இருக்கையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் கணக்கு ஒத்துப்போகும். இன்னொன்று: வயதானவர்கள் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அவர்களுக்குத் தாக உணர்வே குறைவு. அடுத்த நிறுத்தம் எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் குடிப்பார்கள். எங்கள் அத்தைக்கு இந்த ஒரு தகவல் போதுமாக இருந்தது.

பிறகு வாந்தி. வளைந்து நெளியும் கடலோரச் சாலையில் இது நிச்சயம் வரும். இரண்டு வயதுக்குக் கீழே அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் மும்முரம். உள்காது "நகர்கிறோம்" என்கிறது, கைபேசித் திரையில் நிலைத்த கண் "நகரவில்லை" என்கிறது, மூளை குழம்புகிறது. திரையைப் பிடுங்கிவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்க வைப்பதுதான் கைவைத்தியம். கடல் பக்கம் தொடுவானத்துக்குப் பஞ்சமில்லை.

இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி போனால், எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போகாமலேயே கடல் பக்கம் ஒதுங்கி நிறுத்தலாம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலும் அப்படித்தான்: கடல் கிழக்கே இருந்தால் காலை வெயிலும், மேற்கே இருந்தால் மாலை வெயிலும் கடல் பக்கச் சன்னல் வழியாக உள்ளே அடிக்கும். நீங்கள் ஓட்டும் நேரத்தைப் பார்த்துக் குழந்தையின் இருக்கையை மறுபக்கம் மாட்டுங்கள்.

யாருக்கு இது சரி? கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது தாண்டியிருக்க வேண்டும். கூட்டம் ஆறு பேருக்குள் இருக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவருக்கு இந்தக் கரை முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்திருக்க வேண்டும். வழியெங்கும் உறவினர் வீடுகள் இருந்தாலும் ஓரளவு நடக்கும், சாவி நேரம் பற்றிய கவலை இல்லை. ஆனால் உறவினர் வீட்டில் 11 பேர் இறங்குவது வேறு வகைக் கடன். அதை அவர்கள் உங்கள் வீட்டில் இறங்கித்தான் தீர்ப்பார்கள்.

## வழி 2: ஒரே வீடு, சுற்றிச் சுற்றி வருவது

கடலுக்குப் பக்கத்தில் ஒரு முழு வீடு. ஏழு இரவும் அங்கேயே. மூட்டை கட்டுவது இரண்டே முறை, போகும்போதும் வரும்போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கடலோடு ஒத்துப்போக நேரம் கிடைப்பது. பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு நாளும் கடல் முந்தைய நாளைவிட 50 நிமிடம் தாமதமாக இறங்கும். முதல் நாள் காலை 7 மணிக்கு நன்றாக உள்வாங்கியிருந்த கடல், நான்காம் நாள் சுமார் ஒன்பதரைக்கு அப்படி இருக்கும். நீர் இறங்கும்போது பாறையிடுக்குகளில் தேங்கும் குட்டைகளைவிடச் சிறுபிள்ளைக்கு நல்ல விளையாட்டு இல்லை. ஓரிடத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த நேரம் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். ஓர் இரவு தங்கிப் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்தான்.

காலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அதனால் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கிறது. ஆக, காலை 6.30-லிருந்து 9.30 வரை கடல், பிறகு வீடு, குளியல், சாப்பாடு, எல்லோருக்கும் தூக்கம், மாலை 4.30-க்கு மறுபடி கரை. இந்த ஒழுங்கை ஒரே வீட்டில் தங்கினால்தான் தினமும் காப்பாற்ற முடியும்.

சரி, இதன் செலவுகளுக்கு வருவோம்.

முதலாவது, ஒரே இடத்தின் மேல் எல்லாப் பந்தயத்தையும் கட்டுகிறீர்கள். அந்தக் கரையில் அந்த வாரம் அலை கடுமையாக இருந்தால் ஏழு நாளும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். அதனால் வீட்டை முடிவு செய்யும்போது, அரை மணி நேரத்துக்குள் வேறு திசை பார்த்த இன்னொரு கரையோ, வளைகுடாவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையின் இந்தப் பக்கம் அலை அடித்தாலும் அந்தப் பக்கம் ஒதுக்கமாக இருக்கும்.

இரண்டாவது, சுற்றுப்பயணத்தின் இரட்டைத் தூரம். 90 கிலோமீட்டரில் உள்ள இடம் போக வர 180. முதல் நாள் பட்டியலில் இருக்கும் அந்த இடத்துக்கு ஐந்தாம் நாள் யாரும் கிளம்ப மாட்டார்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள், மனத்தாங்கல் மிச்சம்.

மூன்றாவது, சமையலறை. முழு வீடு எடுத்தால் சாப்பாட்டுச் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் அம்மாவும் அத்தையும் தம்பி மனைவியும் வீட்டு அடுப்பிலிருந்து கடலோர அடுப்புக்கு இடம் மாறுவதற்குப் பெயர் விடுமுறையா? ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சமையல், அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஜோடி, என்று கிளம்பும் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் சேமிப்பும் இருக்கும், முகமும் மலர்ந்திருக்கும்.

நான்காவதைச் செலவு என்று சொல்வதா, ஆபத்து என்று சொல்வதா தெரியவில்லை. வீட்டிலிருந்து கடல் நூறு அடியில் இருந்தால் காவல் நாள் முழுக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் பெரிய பலவீனம், ஏழு பெரியவர்கள் இருப்பதால் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஏழு பேரும் நினைப்பது. நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடும். நாங்கள் ஒரு சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டோம். அதை அணிந்தவர் கைபேசியைத் தொடக்கூடாது, பேச்சில் கலக்கக்கூடாது, 20 நிமிடம் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு தொப்பி அடுத்தவர் தலைக்கு. அப்பாவும் முறை மாறாமல் அணிந்துகொண்டார்.

கரையைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. இருபுறமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரிந்தால் பெற்றோர் கண் அங்கேதான் போகும். கரைக்கு வந்த நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் இழுப்பு பெரும்பாலும் அந்த அமைதியான துண்டில்தான் இருக்கிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டக்கூடாது; மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்ட கரை என்றால் அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள், அங்கேதான் மீட்பர்களின் கண் இருக்கும். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்கு மணல் வீடு மட்டும்.

யாருக்கு இது சரி? ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், நடக்கச் சிரமப்படும் பெரியவர் இருந்தால், விடுமுறை ஐந்து இரவுக்குள் என்றால், யோசிக்காமல் இதையே எடுங்கள். இன்சுலின் போன்ற மருந்து கொண்டுவருபவர் இருந்தாலும் இதுவே நல்லது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதால் வழிநெடுகப் பனிக்கட்டிப் பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டி வைத்து இழுத்துக்கொண்டு திரிவது சரிவராது. வீட்டில் ஒரு குளிர்பெட்டி இருந்தால் கவலை விட்டது.

## வழி 3: இரண்டு வீடு, நடுவில் ஒரே ஒரு நகர்வு

நான்கு இரவு இங்கே, மூன்று இரவு அங்கே. மூட்டை கட்டுவது மூன்று முறை. ஒரே வீட்டைவிட ஒரு முறை அதிகம், ஆனால் நான்காம் நாள் வரும் சலிப்புக்கு இது மருந்து. இரண்டும் வேறு வேறு குணமுள்ள கரைகளாக இருக்கட்டும். ஒன்று பிள்ளைகளுக்காக ஆழமில்லாத மணற்கரை, மற்றது பெரியவர்களுக்காக ஓர் ஊரை ஒட்டிய, மாலையில் நடந்து போய் உட்கார இடமுள்ள கரை. இரண்டில் ஒன்று பிடிக்காமல் போனாலும் பாதி விடுமுறை மிஞ்சும்.

வரிசை முக்கியம். முதல் வீடு சொந்த ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்பார்கள், முதல் நாளே நீண்ட தூரம் ஓட்ட வேண்டாமே என்று. நான் எதிர்ப்பக்கம். களைப்பில்லாத முதல் நாளிலேயே தொலைவை முடித்துவிட்டு, வீட்டை நோக்கி வந்துகொண்டே இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடைசி நாளில் எல்லோரும் வெந்து கிடக்கும்போது எட்டு மணி நேர ஓட்டம் மீதமிருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

மறைமுகச் செலவு அந்த ஒரே நகர்வு நாள். வீடில்லாத நான்கு மணி நேரம் இங்கேயும் உண்டு, ஒரு முறைதான் என்பதால் காசு கொடுத்தே தீர்த்துவிடலாம். முழு வீட்டையும் கூடுதல் நேரம் கேட்டால் அதிகம் கேட்பார்கள். ஓர் அறையை மட்டும் மதியம் 2 மணி வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கே தூங்கட்டும். மற்றவர்கள் பைகளை ஏற்றட்டும். தங்கும் இரவுகள் குறைவதால் வாரக் கணக்கில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். சுத்தம் செய்யும் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது இரண்டு தடவை. பருவ காலத்தில் சில வீடுகளை முழு வாரத்துக்குக் குறைவாகத் தரவே மாட்டார்கள், அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆறு இரவுக்கு மேல் விடுமுறை, பிள்ளைகள் நடக்கிற வயது, பெரியவர்கள் ஓரளவு திடம் என்றால் இதுதான் என் தேர்வு.

## வழி 4: ஒரு வீடு, நடுவில் பிரிந்து சேர்வது

எல்லோரும் ஒரே வீட்டில் தங்குவார்கள். நடுவில் ஓர் இரவு, நடக்கவும் ஏறவும் முடிந்தவர்கள் மட்டும் சின்னப் பையோடு கடலோரமாகக் கொஞ்ச தூரம் போய்விட்டு மறுநாள் திரும்புவார்கள். சாலைப் பயணத்தின் ருசியும் கிடைக்கும், மூட்டையும் கட்ட வேண்டாம். காகிதத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

நடைமுறையில் ஒரு கேள்வி: மீதி இருப்பது யார்? எப்போதும் கைக்குழந்தையின் தாய், அவரோடு பாட்டி. "நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பி இரண்டாவது முறையும் போகக்கூடாது. பிரிவது என்றால் இரண்டு இரவு பிரியுங்கள்: முதல் இரவு ஒரு கூட்டம், அடுத்த இரவு இன்னொரு கூட்டம், அன்றைக்குக் குழந்தையோடு அதன் அப்பா வீட்டில் இருக்கட்டும். தாத்தா பாட்டியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆளாக ஆக்குவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு தடவை கேட்பதும் நல்லது. அவர்களும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வண்டியும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் இருந்தே ஆக வேண்டும். இது இல்லாமல் இந்த வழியே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

ஏழு இரவு, 11 பேர் என்ற கணக்கில்:

| | மூட்டை கட்டுவது | அதற்கு ஆகும் நேரம் | நடுப்பகலில் கூரை | ஒருவருக்கு முடியாமல் போனால் | யாரும் சொல்லாத செலவு |
|---|---|---|---|---|---|
| நகர்ந்துகொண்டே (5 ஊர்) | 6 முறை | 12 மணி | நகரும் நாட்களில் இல்லை | கூட்டமே நிற்கும் | உலராத துணி, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு |
| ஒரே வீடு | 2 முறை | 4 மணி | தினமும் | அவர் படுக்கலாம், மற்றவர் போகலாம் | சமையல், சலிப்பு, வானிலைப் பந்தயம் |
| இரண்டு வீடு | 3 முறை | 6 மணி | ஒரு நாள் தவிர | பெரும்பாலும் சமாளிக்கலாம் | இரட்டைக் கட்டணங்கள் |
| பிரிந்து சேர்வது | 2 முறை, சின்னப் பை தனி | 4 மணிக்குச் சற்று மேல் | வீட்டில் இருப்பவர்களுக்கு உண்டு | வீட்டில் ஆள் இருக்கும் | கூடுதல் அறை, மனத்தாங்கல் |

## ஒரே வேனா, இரண்டு காரா

இதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. நம்பிக்கையாக ஓட்டக்கூடியவர்கள் இரண்டு பேராவது இருந்தால் இரண்டு வண்டி. ஒரே வேனில் எல்லோரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு போவது ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும். அப்புறம் மிக மெதுவானவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் 11 பேரும் இறங்க வேண்டும். இரண்டு வண்டி இருந்தால் காய்ச்சல்காரப் பிள்ளையை ஒன்றில் அழைத்துக்கொண்டு திரும்பலாம், அத்தை சீக்கிரமே அறைக்குப் போகலாம்.

வேன்தான் என்றால், பணம் கட்டும் முன் பின் வரிசைகளில் ஒவ்வோர் இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறதா, அது பிள்ளை இருக்கையைக் கட்டும் அளவுக்கு வருகிறதா என்று நேரில் பாருங்கள். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் உள்ள வேன்கள் இன்னும் ஓடுகின்றன; எல்லாப் பிள்ளை இருக்கைகளையும் அதில் கட்ட முடியாது. மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பெரியவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மோதும் நொடியில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

பிள்ளைகள் தூங்கட்டும் என்று இரவில் ஓட்டுவது எங்களுக்கும் ஆசை காட்டியது. அதிகாலை 2 முதல் 6 வரையும், பிற்பகல் 2 முதல் 4 வரையும் உடல் தானாகவே தூக்கத்துக்குச் சரியும் நேரம். லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குக்கூட, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. பின்னால் ஒரு குழந்தை அழ, பக்கத்தில் அப்பா வழி சொல்ல, நமக்கு அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். விடியற்காலை 5.30, 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் முடிக்கும் ஓட்டம்தான் எங்களுக்கு ஒத்துவந்தது.

இரண்டு வண்டி போகும்போது ஒன்றையொன்று துரத்தாதீர்கள். சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுத் தனித்தனியாகப் போங்கள். பிள்ளைகளின் தண்ணீரும் மாற்றுடையும் மருந்துப் பையும் இரண்டு வண்டியிலும் தனித்தனியாக இருக்கட்டும். போன வருடம் எங்கள் டயாப்பர் முழுக்க முன்னால் போன வண்டியில் இருந்தது.

## இந்த வருடம் நாங்கள்

வழி 3. நான்கு இரவும் மூன்று இரவும், தொலைவில் உள்ள வீடு முதலில். முடிவு செய்வதற்கு முன் இரண்டு வீட்டுக்காரர்களிடமும் தொலைபேசியில் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டோம். சாவி எத்தனை மணிக்கு? தரைத்தளத்தில் படுக்கையறையும் அதை ஒட்டிக் கழிப்பறையும் உண்டா? கடலுக்கும் வாசலுக்கும் நடுவே பூட்டக்கூடிய கதவு உண்டா, தாழ்ப்பாள் ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுமா? 11 பேரின் துணி உலர்த்தக் கொடி எங்கே? கழிப்பறை எத்தனை? கடைசிக் கேள்விக்கு ஒருவர் "ஒன்றரை" என்றார். அந்த அரை என்ன என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை, வேறு வீடு பார்த்துவிட்டோம்.

அத்தை மட்டும் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பிள்ளைகள் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடும் கூடத்தில் தன் கட்டிலைப் போடக்கூடாதாம். கண்ணாடிக்கு ஒரு கயிறும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார்.